அரை மணி நேர வேலை

1

இந்தக் கதையை நான் ஒரு பஸ் ஜன்னலிலிருந்து எடுத்தேன். மறைக்க ஒன்றுமில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் சித்திரை மாதக் கடைசி. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை போகிற பஸ். பகல் இரண்டு மணி இருக்கும். காரியாபட்டிக்குக் கொஞ்சம் முன்னால், கருவேலங்காட்டை ஒட்டி, பாலாடை நிறத்தில் அந்தக் காலத்துக் கார் ஒன்று பேனட்டைத் திறந்துகொண்டு நின்றது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் உள்ளே குனிந்து எதன் மேலோ ஈரத் துண்டை விரித்துக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் விரிப்பதுபோல அத்தனை பதனமாக. எல்லாம் இரண்டு விநாடிதான். நல்ல காட்சி என்று நினைத்தேன். பையைத் துழாவிப் பேனாவை எடுத்து, டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவைத்தேன்.

தை மாதம் கழிந்து ஒரு நாள், பாலவனத்தம் போகிற சாலையில் அதே காரைப் பார்த்தேன். புதிதாகக் கட்டிய ஒரு பட்டறைக்குள் நின்றது. கேட் பூட்டியிருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று விசாரித்தேன். பாதிதான் கிடைத்தது. மீதியை நானே செய்து மாட்டியிருக்கிறேன். எது அசல், எது நான் மாட்டியது என்று கேட்காதீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'வெள்ளத்துரைக்குப் பழைய கார்கள் என்றால் உயிர்.'

[அடித்துவிட்டேன். அந்தச் சொல் பின்னால் வேறோர் இடத்துக்கு வேண்டியிருக்கிறது.]

இரண்டாம் முயற்சி: 'வெள்ளத்துரை கட்டிய பட்டறைக்கு, கட்டி முடித்த அன்றே அறுபது வயதாகியிருந்தது.'

இது பரவாயில்லை. வெள்ளத்துரைக்கு ஐம்பத்து நான்கு வயது. அருப்புக்கோட்டை பஜாரில் அப்பா காலத்து ஹார்டுவேர் கடை. அதைத் தம்பி சௌந்தரபாண்டியனிடம் விட்டுவிட்டு, பழைய கார்களைப் பழையபடியே ஆக்கிக் கொடுக்கும் பட்டறை வைக்கக் கிளம்பினார். பட்டறையும் பழசாக இருக்க வேண்டும் என்றார். நாட்டு ஓடு, சிவப்புச் சிமெண்டுத் தரை, மரச் சட்டத்தில் வட்டக் கடிகாரம். சுவரில் பெரிய பலகை அடித்து, ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவத்தைக் கறுப்பில் வரைந்து, அதனதன் இடத்தில் மாட்டினார். வாசல் போர்டு புதுத் தகரம். அதில் துரு பிடித்த மாதிரி பெயிண்டரை விட்டு ஓரங்களில் தீட்டச் சொன்னார். கீழே 'நிறுவியது 1958' என்று எழுதச் சொன்னார்.

"போன வாரம் ஓடு வேஞ்ச கடைக்கு எதுக்குங்க இத்தன வயசு?" என்று கேட்டார் கோகிலாம்பாள், அவர் மனைவி. "ஓங்களுக்கே இன்னும் அறுவது ஆகல."

அவர் சிரிக்கவில்லை. பட்டறையில் முதன்முதலாக வைத்தது சுவரோ கூரையோ இல்லை, கேட்டுக்கு வெளியே ஒரு மண்பானை. மணல் குவித்து, மேலே கீற்றுப் பந்தல் போட்டு, சங்கிலியில் ஒரு எவர்சில்வர் டம்ளர். கொத்தனார்கள் வருவதற்கு முன்பே வந்து, குடம் குடமாக அவரே தண்ணீர் ஊற்றுவார். அதுவும் அந்தக் காலத்து அலங்காரம் என்று எல்லோரும் நினைத்தார்கள். எழுதும்போது நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

3

வீரபத்திரன் திருச்சுழிப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஒரு வீட்டாரின் புஞ்சையில் கூலிக்குக் களையெடுத்தவர்கள். வீரபத்திரன் அதே வீட்டுக்கு டிரைவரானார். அவர்கள் ஊரைவிட்டுப் போகும்போது, ஓட்டினவனிடமே இருக்கட்டும் என்று அந்தப் பாலாடை நிறக் காரை விட்டுப் போனார்கள்.* மாப்பிள்ளை அழைப்புக்கு அதை வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தார். ஜக்கம்மாள், அவர் மனைவி, கல்யாணத்துக்குக் கல்யாணம் பேனட்டில் பூச்சரம் கட்டிவிடுவார்.

(*ஐம்பத்தெட்டாம் வருஷத்து வண்டி. கம்பெனியின் பெயர் வேண்டாம். வண்டியின் மேல் ஒரு குற்றமும் இல்லை.)

அந்த வண்டியைத்தான் வெள்ளத்துரை தன் வீட்டுக் கொல்லையில் ஒரு வருஷம் வைத்திருந்து புதுப்பித்தார். மாட்டிய திருகாணிகூட அந்தக் காலத்துத் திருகாணி. வேலை முடிகிற சமயத்தில் வீரபத்திரன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணாச்சி, இந்தப் பெட்ரோல் பம்பு மட்டும் கோடையில மக்கர் பண்ணுது. எஞ்சின் சூட்டுல பெட்ரோலு ஆவியாகி அடச்சிக்கிருது. கரண்டு பம்பு ஒண்ணு மாட்டிருவமா? மதுரையில எல்லாம் மாட்டிட்டாக."

"மாட்டலாம். மாட்டுனா அது அம்பத்தெட்டு மாடல் இல்ல, வேற வண்டி."

"அப்ப வழியில நின்னுச்சுன்னா?"

"ஈரத்துணிய பம்பு மேல போட்டுத் தண்ணிய ஊத்து. பத்து நிமிசத்துல சூடு எறங்கிக் கிளம்பிரும். எங்க போயிரப் போகுது?"

அடுத்த தை மாதம் மதுரையில் பழைய கார்களின் கண்காட்சி. நடுவராக வந்தவர் பேனட்டுக்குள் எட்டிப் பார்த்து, பம்பைத் தொட்டு, வெள்ளத்துரையைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தார். 'அசல் நிலையில் பேணப்பட்ட வண்டி' என்று ஷீல்டு கிடைத்தது. அந்தத் தலையசைப்பிலிருந்துதான் பட்டறை வந்தது.

4

அதே வருஷம் சித்திரைக் கடைசியில் ஜக்கம்மாளுக்கு நெஞ்சு வலித்தது.

நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும்: ஆம்புலன்ஸ் இல்லையா? கூப்பிட்டார்கள். வேறொரு கேஸுக்குப் போயிருந்தது, முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். வாசலில் கார் நின்றது. முக்கால் மணி நேரத்தில் மதுரைக்குப் பாதி வழிக்கு மேல் போய்விடலாம் என்று கணக்குப் போட்டார் வீரபத்திரன். அந்த இடத்தில் நானும் நீங்களும் அதைத்தான் செய்திருப்போம்.

காரியாபட்டிக்கு முன்னால் வண்டி நின்றது. பின் சீட்டில் மகள் தங்கமாரியின் மடியில் ஜக்கம்மாளின் தலை. ஒரு பாட்டில் தண்ணீர், அதிலும் பாதி குடித்தது. வீரபத்திரன் தோள் துண்டைப் பம்பின் மேல் விரித்து, பாட்டிலைத் திறந்தார்.

"அப்பா, அம்மா தண்ணி கேக்குது."

"இரு தாயி. வண்டி கிளம்பிரும்."

"அம்மா கேக்குதுப்பா."

"கிளம்பிரும்னு சொல்றேன்ல!"

கைகாட்டினார், யாரும் நிற்கவில்லை. பழைய கார், பேனட்டில் முந்தின நாள் கல்யாணத்துப் பூ, வெள்ளைச் சட்டை. ஏதோ போட்டோ பிடிக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். பைக்கில் போன இருவர் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். கடைசிச் சொட்டு வரை பம்பின் மேல் ஊற்றினார்.

பத்து நிமிஷம் என்று சொல்லப்பட்டிருந்தது. ஒன்பதிலேயே வண்டி கிளம்பிவிட்டது. வெள்ளத்துரை சொன்ன வைத்தியத்தில் குறை காண முடியாது.

ஜக்கம்மாள் அதற்கு முன்பே —

[இந்த வாக்கியத்தை நான்கு தடவை முடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அழகாக வந்தது. அதனால் விட்டுவிட்டேன்.]

5

முதல் பிரதியில் வெள்ளத்துரைக்கு இதெல்லாம் தெரியாது. சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போனார், 'மதுரைக்குப் போற வழியில' என்று மட்டும் கேள்விப்பட்டார், பட்டறையைக் கட்டினார். பிறகு திறப்பு நாளில் உண்மை தெரிந்து இடிந்துபோகிறார். கதைக்கு ஏற்ற பாத்திரம். ஆனால் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நம் பக்கத்தில் துஷ்டி வீட்டு வாசலில் இருபது பேர் உட்கார்ந்து வேறு எதைப் பேசுவார்கள்? எங்கே நின்றது, எத்தனை நிமிஷம் நின்றது, எதை ஊற்றினார், எல்லாம் பேசித்தான் எழுந்திருப்பார்கள்.

அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அஸ்திவாரம் தோண்டினார். ஏன் என்று கேட்டால், நிறுத்தினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். கையில் வேலை இருக்கும்வரை மனிதனுக்குப் பதில் சொல்லும் அவசியமில்லை. அந்தப் பானையை வாசலில் வைத்ததற்கு அவருக்குத் தெரியும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

அவரைத் திட்டிவிட்டு நான் தப்ப முடியாது. மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய், 'சரிப்பா, மாட்டிருவோம்' என்று அவரைச் சொல்லவைக்க எனக்கு ஒரு வரி போதும். ஜக்கம்மாள் பிழைத்துக்கொள்வார். எழுதியும் பார்த்தேன். கதை அங்கேயே செத்துப்போனது. அழித்துவிட்டுப் பழைய பம்பையே திரும்ப மாட்டினேன். அசலாக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருக்கிறது.

6

மறு வருஷம் தை மாதம், திறப்பு நாள். விடியலில் கணபதி ஹோமம். ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள் முதல் போணி. விருதுநகரிலிருந்து கைராசிக்காரர் என்று பெயரெடுத்த ஒரு டாக்டர் தன் பழைய காரைக் கொண்டுவருவதாக ஏற்பாடு.

வெள்ளத்துரை குடும்பத்தில் ஒரு சட்டம். கடைக்கு வருகிற முதல் ஆளை வெறுமனே அனுப்பக் கூடாது. கேட்ட சாமான் இல்லாவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்கியாவது கொடுக்க வேண்டும். அப்பா ஒரு தடவை, ஒற்றை ஆணி கேட்டு வந்தவருக்காகப் புதுப் பெட்டியை உடைத்தார். தினசரிப் போணிக்கே அப்படி என்றால், புதுக் கடையின் முதல் போணியைத் திருப்புவதை அந்த வீட்டில் யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

டாக்டர் வரத் தாமதமானது. ஒன்பது நாற்பதுக்குப் பாலாடை நிறக் கார் கேட்டுக்குள் நுழைந்தது. காலைக் குளிர்ச்சியில் எஞ்சின் ஒரு பிசிறு இல்லாமல் ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வெள்ளத்துரையின் காது முதலில் சந்தோஷப்பட்டது. அதை நினைத்து அவர் அடுத்த கணமே வெட்கப்பட்டார்.

வீரபத்திரன் இறங்கினார். சுவரில் ஷீல்டையும் அதற்குக் கீழே தன் காரின் படத்தையும் பார்த்தார்.

"வா வீரபத்திரா. வண்டிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, நல்லா ஓடுது." சாவியை மேசையில் வைத்தார். "இத அறுத்துப் போட்டுருங்க. துண்டு துண்டா."

கோகிலாம்பாள் கையில் சந்தனக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

"என்னப்பா பேசுற? இது பழச புதுசாக்குற எடம். ஒனக்கு வேண்டாம்னா எனக்குக் குடு, நான் வச்சிக்கிறேன்."

"வச்சிக்கிட்டா ஓட்டுவீக. இல்ல, வேற எவனாச்சும் ஓட்டுவான். எவன் வீட்டுப் பொம்பளையாச்சும் பின்னால ஏறும். பழைய இரும்புக் கடையில போட்டாலும் அறுக்க மாட்டான், வித்துருவான். நீங்க சேத்த வண்டி அண்ணாச்சி. நீங்களே பிரிச்சிருங்க."

"பம்ப மாத்திருவோம்யா." வெள்ளத்துரை சாவியை அவர் பக்கமாகத் தள்ளினார். "இப்பவே மாத்திருவோம். புதுசு கடையிலயே கெடக்கு."

"எம்புட்டு நேரமாகும்?"

யோசிக்காமல் பதில் சொன்னார். தொழில்காரரின் வாய் அது.

"என்ன, அரை மணி நேர வேல."

வீரபத்திரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அரை மணி நேரந்தானா அண்ணாச்சி?"

கோகிலாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பலகையில் ஒவ்வொரு ஸ்பானரும் அதனதன் நிழலின் மேல் தொங்கியது. மன்னிப்புக் கேட்க வெள்ளத்துரை வாயைத் திறந்தார். வந்தது, "தண்ணி குடிக்கிறியா?"

"வேண்டாம்," என்றார் வீரபத்திரன். "அன்னையிலருந்து தாகமே எடுக்கிறதில்ல."

7

முடிவு, ஒன்று. வெள்ளத்துரை கேஸ் கட்டரைப் பற்றவைக்கிறார். தான் பார்த்துப் பார்த்து ஒட்டிய தகடுகளை ஒவ்வொன்றாக அறுக்கிறார். வீரபத்திரன் நின்று பார்க்கிறார். பழைய கார்களைக் காக்கப் பிறந்த பட்டறைக்கு முதல் போணி ஒரு காரின் கொலை. [ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது. எனக்கே பிடிக்கவில்லை.]

முடிவு, இரண்டு. இரண்டு தலைமுறையில் முதல் தடவையாகப் போணியைத் திருப்புகிறார். "இது மட்டும் முடியாதுப்பா." வீரபத்திரன் காரை ஓட்டிக்கொண்டு போகிறார். எங்கே — [எங்கே என்று யோசித்தபோது பயம் வந்துவிட்டது.]

முடிவு, மூன்று. அழுகிறார், காலில் விழுகிறார், வீரபத்திரன் மன்னிக்கிறார். [இல்லை. வீரபத்திரனுக்கு அப்படியொரு கடமையை வைக்க நான் யார்?]

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கார் பட்டறைக்குள் முழுசாக நிற்கிறது. அறுக்கவுமில்லை, பம்பை மாற்றவுமில்லை. போணி முடியவில்லை, அதனால் வேறு வேலை எதையும் எடுக்க முடியவில்லை. டாக்டரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேட்டில் பூட்டு. ஆனால் வாசல் பானையில் தினமும் தண்ணீர் இருக்கிறது. காரைப் பட்டறையில் பார்த்த அந்த நாள் நான் பஸ்ஸைவிட்டு இறங்கி ஒரு டம்ளர் குடித்தேன். பிறகு இன்னொரு டம்ளர்.

8

முதல் பகுதியில், மறைக்க ஒன்றுமில்லை என்றேன். அதை அடித்துவிடுங்கள்.

அன்றைக்கு மதுரை பஸ்ஸில் என் பையில் ஒரு லிட்டர் தண்ணீர் இருந்தது. மூடிகூடத் திறக்காதது. பேனாவைத் துழாவினேன் என்று சொன்னேன் அல்லவா, அப்போது கையில் முதலில் தட்டுப்பட்டது அந்தப் பாட்டில்தான். அதை ஒதுக்கிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். 'நிறுத்துங்க' என்று கண்டக்டரிடம் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆகியிருக்காது.

பக்கத்து சீட்டில் யார் இருந்தார்கள் என்று ஞாபகமில்லை. நீங்களாகவும் இருக்கலாம். அப்படியானால் முடிவை நீங்கள் எழுதுங்கள், என் கை சுத்தமில்லை. பஸ் இன்னும் அந்த இடத்தைத் தாண்டவில்லை. பேனட் திறந்திருக்கிறது. அவர் துண்டை விரிக்கிறார். பின் சீட்டில் தங்கமாரி இரண்டாம் தடவையாகக் கேட்கிறாள்.