மாடிப்படியில் உக்ரைன் மண்

காஸ்பர் ஷெல்லிங்கரை அடக்கம் செய்த மறுவாரமே அவருடைய பூட்ஸ் தடம் மாடிப்படியில் பதிய ஆரம்பித்தது. பிற்பகல் காப்பி வேளையில் வரும். மூன்றாம் மாடியில் இருக்கும் மகள் வீட்டு வாசலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். ஆவியா, பிரமையா என்று அந்தக் கட்டிடத்தில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஸ்வாபியப் பக்கத்து ஊர்களில் வாரம் ஒரு வீடு படியைக் கூட்டித் துடைக்க வேண்டும். முறை வந்த வீட்டுக் கதவில் அட்டை தொங்கும். தன் முறையில் அடுத்தவர் வீட்டுச் செத்தவரின் சேற்றையும் துடைக்க வேண்டுமா என்பதுதான் அங்கே சண்டை.

"உயிரோட இருந்தவரைக்கும் கால் துடைக்காம உங்கப்பா ஏறினதே இல்லை, ஃப்ராவ் ஷெல்லிங்கர்," என்றாள் கீழ்வீட்டு ஃப்ராவ் ட்ரிக்ஸ்லர். "செத்ததும் இப்படி ஆயிட்டாரே."

மகள் ஹெர்லிண்டெ ஓய்வு பெற்ற சரித்திர டீச்சர். அது உள்ளூர்ச் சேறல்ல, உக்ரைனின் கரிய மண் என்று பார்த்ததுமே தெரிந்துகொண்டார். அப்பா போரில் எங்கெங்கே நடந்தார் என்று காகிதங்களைச் சேர்த்து வரிசைப்படுத்திவிட்டால் மனிதர் அடங்கிவிடுவார் என்று முடிவு செய்தார். கோப்பு சரியானால் உலகம் சரியாகிவிடும் என்கிற நம்பிக்கை அந்த நாட்டில் தாய்ப்பாலோடு புகட்டப்படுவது. அவருக்கு வேறொரு காரணமும் இருந்தது. 'நான் படையில் ரொட்டி சுட்டவன், ஒரு ஈயைக்கூட அடித்ததில்லை' என்று அப்பா ஆயுள் முழுக்கச் சொன்னார். அதை ஹெர்லிண்டெ வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார். அது உண்மைதானா என்று தெரிய வேண்டியிருந்தது.

பரணில் அப்பாவின் படைச் சம்பளப் புத்தகம் அகப்பட்டது; முதல் பக்கங்களில் பிரான்ஸ் என்று இருந்தது. அன்று முதல் சேறு நின்று, படியெல்லாம் பிரான்சின் வெள்ளைச் சுண்ணாம்புத் தூள். கிராக்கோவ் மருத்துவமனைச் சீட்டு கிடைத்தபோது ஒரு குளிர்காலம் முழுக்க இடக்கால் தடம் மட்டுமே வந்தது; வலக்காலில் குண்டுச் சிதறல் என்று சீட்டில் இருந்தது. விடுப்புச் சீட்டு ஒன்றைக் கோப்பில் செருகியதும் படி பதினைந்து நாள் கண்ணாடி மாதிரி கிடந்தது. "இன்னொரு லீவு சீட்டு தேடிப் பாருங்களேன்," என்று ஃப்ராவ் ட்ரிக்ஸ்லர் ஆப்பிள் கேக்கோடு வந்து கெஞ்சினாள்.

இப்படியே ஆண்டுகள் ஓடின. கோப்பில் ஒரே ஓட்டை: நாற்பத்தொன்றாம் வருஷத்து இலையுதிர்காலம். அந்தச் சில வாரங்களுக்குக் காகிதமே இல்லை. கறுப்பு மண் திரும்பவும் வந்தது, போகவில்லை.

"கிடைச்சது போதும், மூடி வைங்க," என்றாள் ஃப்ராவ் ட்ரிக்ஸ்லர். "சேத்தை நானே துடைச்சிக்கிறேன்."

"மூடிட்டா அவர் வெறும் ரொட்டி சுட்டவராவே இருந்துடுவார்," என்றார் ஹெர்லிண்டெ. "எனக்கும் அதான் ஆசை. அதனாலதான் மூட முடியலை."

பெர்லினில் பழைய படைக் காகிதங்களைக் காக்கும் காப்பகத்திலிருந்து உறை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. உள்ளே இரண்டு நகல்கள். ஒன்றின்படி, மாவு வரத்து நின்ற நாளில் ரொட்டிப் பிரிவிலிருந்து ஆட்கள், ஒரு கிராமத்துக்கு வெளியே ஊராரை நிறுத்திச் சுட்ட பள்ளத்தைச் சுற்றிக் காவல் நிற்க இரவல் அனுப்பப்பட்டார்கள். பெயர்களில் காஸ்பர் இருந்தார். அடுத்தது, அன்று மாலை அந்த வேலைக்காகக் கொடுத்த கூடுதல் சாராயத்துக்கு ரசீது. கீழே கையெழுத்து. சின்ன வயதில் ஹெர்லிண்டெயின் மதிப்பெண் அட்டைகளில் அப்பா வருஷா வருஷம் போட்ட அதே கையெழுத்து. ஹெர்லிண்டெ வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே துளையிட்டு, தேதி வரிசையில் கோப்பில் சேர்த்தார்.

அன்று காப்பி வேளையில் பூட்ஸ் தடம் முதல்முறையாக வாசல்வரை வந்தது. அதன் பின்னால் வேறு தடங்கள் ஏறின. எல்லாம் வெறுங்கால்கள். பெரியவை, கிழடுகளின் இழுத்து நடந்த கால்கள், ஓட்டமும் நடையுமாகச் சின்னக் கால்கள். பள்ளத்துக்குப் போகும் முன் செருப்பைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். ஃப்ராவ் ட்ரிக்ஸ்லர் வாளியோடு பாதிப்படியில் நின்றுவிட்டாள்.

"யாருங்க இவங்கள்லாம்?"

"அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க," என்றார் ஹெர்லிண்டெ. கதவை அகலத் திறந்து ஓரமாக நின்றார். வெறுங்கால் தடங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய், கூடத்துக் கம்பளத்தில் பரவின. பூட்ஸும் நிலைப்படியைத் தாண்டப் பார்த்தது.

"நீங்க வெளியிலயே நில்லுங்கப்பா," என்றார்.

நின்றது. அதன் பிறகு எப்போதும் அங்கேதான் நிற்கிறது. குடியிருப்போர் கூட்டத்தில் விவாதித்து, வெறுங்கால் தடங்களைத் துடைப்பதில்லை என்று விதி எழுதினார்கள். எதிர்த்து ஒருவரும் கை தூக்கவில்லை. தபால்காரரிலிருந்து மின்சாரக் கணக்கெடுக்க வருபவர்வரை அந்தக் கட்டிடத்தில் எல்லோரும் இன்றும் சுவரோரமாகத்தான் ஏறுகிறார்கள். படியின் நடுப்பகுதி வெறுங்காலோடு வந்தவர்களுக்கு.