துக்கத்துக்கு வந்த ரசிகர்கள்

எங்கள் ‘ஈரச்சுவர்’ குழுவுக்கு உலகத்திலேயே மொத்தம் நாற்பது ரசிகர்கள். அயர்லாந்தின் தலைநகரான டப்ளினின் பத்திரிகைகள் எங்களைச் சீண்டியதே இல்லை. அந்த நாற்பது பேரோ, எந்த ஊரில் பாடினாலும் கொட்டும் மழையில் வந்து நிற்பார்கள். கிறுக்குப் பிடித்த கூட்டம். பாடுவது என் தம்பி லோர்கன், டிரம்ஸ் நான்.

அன்று ஸ்லைகோ அரங்குக்குப் பிற்பகல் இரண்டு மணிக்கே வந்துவிட்டார்கள், எல்லோரும் கறுப்புக் கோட்டில். டிரம்ஸைப் பூட்டிக்கொண்டிருந்த என்னிடம் வரிசையாக வந்து கைகொடுத்தார்கள்.

“உன் துக்கத்துல நாங்களும் இருக்கோம், டெர்வ்லா.”

“இப்ப யாரு செத்துட்டாங்க?”

அந்தக் கூட்டத்துக்கே மூத்தவளான அட்ராக்டா என் கையை விடவில்லை. “லோர்கன்தாம்மா. காலையில ரேடியோவுல மரண அறிவிப்பு வாசிச்சாங்களே. மத்தியானம் மூணரை மணிக்கு, கார் ஓட்டிக்கிட்டு வர்றப்போன்னு.”

“இப்ப மணி ரெண்டுதான் ஆகுது! எந்த ரேடியோ?”

அவள் கெர்ரி வானொலி என்றாள். பின்னால் நின்றவன் டொனிகால் என்றான். ஆளாளுக்கு அவரவர் ஊர் வானொலி; தினமும் மரண அறிவிப்பு வாசிப்பது எங்கள் ஊர் வானொலிகளின் வழக்கம். இரண்டு நிலையங்களுக்குப் போன் போட்டேன். அப்படியொரு பேரை வாசிக்கவே இல்லை என்றார்கள்.

கால்வேயிலிருந்து தனியாகக் காரில் வந்துகொண்டிருந்த லோர்கனை அழைத்தேன்.

“நான் செத்துட்டேனா? எத்தனை பேர் வந்திருக்காங்க, எண்ணிச் சொல்லு. பாட்டுக்கு வந்ததைவிட ஜாஸ்தியா?”

“விளையாடாதடா. வண்டிய ஓரங்கட்டு. நாலு மணி வரைக்கும் எடுக்கக் கூடாது.”

“அவங்க கிறுக்கு உனக்கும் ஒட்டிக்கிச்சா அக்கா?”

அழுதுவிட்டேன். நான் அழுது அவன் கேட்டதே கிடையாது. “சரி சரி, நிறுத்துறேன்” என்று பெட்ரோல் பங்கில் ஒதுங்கினான்.

ரசிகர்கள் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இழவு வீட்டில் பேசுவதுபோலக் குசுகுசுவென்று பேசியபடி டீ குடித்தார்கள். மூன்றரை ஆனதும் மறுபடி அழைத்தேன்.

“இருக்கியாடா?”

“சாசேஜ் தின்னுக்கிட்டு இருக்கேன்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “உங்க ரேடியோவையெல்லாம் அடுப்புல போடுங்க!” என்று அரங்கம் அதிரக் கத்தினேன். டீக் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். அதன்பிறகு ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. அட்ராக்டாவின் முகத்துக்கு நேரே போய் நின்றேன். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு லோர்கன் நனைந்துபோய் உள்ளே வந்தான். ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள நினைத்தேன். அதற்குள் நாற்பது பேரும் எழுந்து அவன் முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“நான்தான் சாகலையே, அப்புறம் எதுக்கு இந்த வரிசை?”

நான் அவன் பக்கத்தில்தான் நின்றேன். அட்ராக்டா அவன் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

“உன் துக்கத்துல நாங்களும் இருக்கோம், லோர்கன். கடைசி வரைக்கும் உன்னைக் காப்பாத்தணும்னுதான் தவிச்சாப்பா, உன் அக்கா.”