மிளகுக்கு வைக்காத புல்

மூன்றாவது தடவையும் மிளகு தடைக்கு முன்னால் நின்றுவிட்டது. நான்கு கால்களையும் மணலில் ஊன்றி, காதுகளைப் பின்னால் மடக்கி, இதற்கு மேல் ஓர் அடிகூட எடுத்துவைக்க மாட்டேன் என்பதுபோல நின்றது. மேலே இருந்தவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விழாமல் தப்பித்ததே பெரிய விஷயம். மணி அடித்தது. குதிரை மூன்று முறை மறுத்தால் போட்டியை விட்டு வெளியே போக வேண்டியதுதான்.

வேலி ஓரமாகக் கையில் துண்டோடு காத்திருந்தவர் பெரியப்பா. முறைப்படி அவளுக்கு மட்டும்தான் அவர் பெரியப்பா; அவள் அவருடைய தம்பி மகள். ஆனால் அவள் ஏழு வயதில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு லாயத்துக்குள் வந்த நாளிலிருந்து, லாடம் அடிப்பவர் முதல் தண்ணீர் வண்டிக்காரர் வரை எல்லோருக்குமே அவர் பெரியப்பா ஆகிவிட்டார். முப்பது வருஷமாகக் குதிரை பார்க்கிறவர். அவர் கையில் இருக்கும் குதிரையின் உடம்பில் முகம் பார்த்து மீசை திருத்தலாம் என்று சொல்வார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

அவள் இறங்கி வந்ததும் பெரியப்பா கடிவாளத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"கையா அது? இரும்பு. அது வாயைக் கிழிச்சு எடுத்துட்டே. எந்தக் குதிரைதான் தாண்டும்?"

சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அடுத்துப் போக வேண்டிய ஓட்டிகள், அவர்களுடைய ஆட்கள், லாடக்காரர், மிளகின் சொந்தக்காரரான பல் டாக்டர். அவள் தொப்பியைக் கழற்றி, கையுறையைக் கழற்றி, இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்து போனாள். அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல இருந்தது எல்லோருக்கும். பெரியப்பாவுக்கும் அது வசதியாக இருந்தது.

மிளகு மூன்று மாதமாகவே சரியில்லை. சாம்பல் நிறம், உடம்பெங்கும் கருப்புப் புள்ளி, அதனால் அந்தப் பெயர். நல்ல சுபாவம் உள்ள குதிரை. சேணத்தைத் தூக்கிக்கொண்டு போனால் தானே பக்கத்தில் வந்து நிற்கும். அது இப்போது சேணத்தின் வயிற்றுப்பட்டியை இழுத்தால் திரும்பிக் கடிக்க வந்தது. அறைக் கதவின் மரச்சட்டத்தைப் பல்லால் சுரண்டிச் சுரண்டி ஓரமெல்லாம் எலி தின்ற பிஸ்கட் மாதிரி ஆக்கிவைத்திருந்தது.

அவள்தான் அதை முதலில் சொன்னாள். மருந்துக்கடை வேலைக்குப் போகும் முன்பு, விடியற்காலையில் வந்து ஓட்டிவிட்டுப் போகிறவள்.

"பெரியப்பா, நான் வர்றப்ப புல் வலை காஞ்சு கெடக்கு. ஒரு துரும்பு இல்லை. கூடக் கொஞ்சம் வெச்சுப் பாக்கலாமா?"

"நீ பொறக்குறதுக்கு முன்னாடியே குதிரைக்குத் தண்ணி காட்டினவன் நான்."

"இல்லை, மரத்தைக் கடிக்குதே..."

"அது கெட்ட பழக்கம். அதுக்கு மருந்து என்கிட்ட இருக்கு."

மருந்து என்று அவர் சொன்னது ஒரு கசப்பு எண்ணெய். அதைச் சட்டம் முழுக்கப் பூசிவிட்டார். மிளகு நாக்கை வைத்ததும் மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனது. அதற்குப் பிறகு மரத்தைக் கடிக்கவில்லை. மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. "பாத்தியா, அடங்கிட்டான்" என்றார் பெரியப்பா.

புல் குறைந்ததற்கு ஒரு கதை உண்டு. ஒருநாள் பல் டாக்டர் தன் நண்பர்களோடு வந்தவர், மிளகின் வயிற்றைத் தட்டி, "என்ன பெரியப்பா, நம்மாளு மாசமா இருக்கானா?" என்று கேட்டுவிட்டார். வேடிக்கைக்குத்தான் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், பெரியப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அவருக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. மறுநாளிலிருந்து உலர்ந்த புல்லைப் பாதிக்கும் கீழே குறைத்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே ஒரு கை அணைப்பில் அடங்கும் புல். ஏழரைக்குள் அது தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு காலை ஆறு வரை ஒன்றும் கிடையாது. தானியம் மட்டும் வேளை தவறாமல் வைத்தார். வயிறு ஒட்டியது, மேனி மின்னியது. போதாததற்கு, பக்கத்து அறையில் இருந்த பழுப்புப் பெண்குதிரையும் மிளகும் தடுப்புக்கு மேலாக ஒன்றையொன்று பிடரியில் கொறித்துக்கொள்கின்றன, பின்னிவைத்த பிடரிமயிர் பாழாகிறது என்று மிளகை மட்டும் வாசல் பக்கத்துத் தனி அறைக்கு மாற்றினார். வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற அறை அது. அந்த மாதமே, நன்றாகப் பராமரிக்கப்பட்ட குதிரை என்று ஒரு போட்டியில் ரிப்பன் கிடைத்தது. அதை அவரே ஆணியடித்து மாட்டினார்.

போட்டியில் தோற்றுத் திரும்பிய நான்காம் நாள் குதிரை டாக்டரம்மா வந்தார். முந்தின நாளே போன் செய்து, வயிற்றுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், பதினாறு மணி நேரம் ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று சொல்லியிருந்தார். மிளகு அசையாமல் நின்றது. மூக்கு வழியாகக் குழாய் இறங்கியது. சின்னத் திரையில் இளஞ்சிவப்பாக வயிற்றின் உள்பக்கம் தெரிந்தது. அதில் அங்கங்கே மஞ்சளும் சிவப்புமாகக் குழிகள். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெந்த தோல் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அல்சர்" என்றார் டாக்டரம்மா. "இன்னைக்கு நேத்து வந்தது இல்லை. பட்டி இறுக்கினா உயிர் போயிருக்கும் இதுக்கு. அந்த வலியில தடையைத் தாண்டுன்னா எங்க தாண்டும்?" குழாயைச் சுருட்டிக்கொண்டே பெரியப்பாவைப் பார்த்தார். "பதினாறு மணி நேரம் பட்டினி போட்டா மத்த குதிரைங்க கதவை ஒடைக்கும். இது சாது மாதிரி நிக்குதே. பட்டினி பழக்கமா? சாயங்காலத்துக்கு அப்புறம் என்ன தின்னும்?"

பெரியப்பாவின் வாயிலிருந்து பதில் உடனே வந்தது. யோசித்திருந்தால்கூட அவ்வளவு சரளமாக வந்திருக்காது.

"வலை நெறயப் புல் இருக்கும்மா. விடிய விடிய மென்னுட்டுத்தான் நிக்கும்."

அவள் சுவர் ஓரமாக நின்றிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் எதிர்த்துப் பார்த்திருப்பார். அது வெறும் ஆச்சரியம். சின்ன வயதில் ஒருமுறை அவர் கை தவறி அவளைக் கீழே விட்டபோது பார்த்தாளே, அதே முகம்.

"தீனி சரியா இருந்தா, அப்ப வேலைதான் காரணம்" என்றார் டாக்டரம்மா. "ஓட்டுறவங்க ரொம்பப் போட்டு அழுத்துறாங்களா?"

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவள் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, "இருக்கலாம் டாக்டர்" என்றாள்.

பல் டாக்டர் கெட்டவர் அல்ல. ஆனால் வேறென்ன முடிவெடுப்பார்? மிளகுக்கு ஒரு மாதம் மருந்தும் ஓய்வும், பிறகு வேறொரு ஓட்டி என்று நயமாகச் சொல்லிவிட்டார். மருந்து கொடுக்கும் பொறுப்பு, வழக்கம்போலப் பெரியப்பாவுக்கு.

அன்று சாயங்காலமே அவர் வலை நிறையப் புல் திணித்தார். மிளகு அதில் முகத்தைப் புதைத்துத் தின்ற வேகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே வந்து, ஏற்கனவே கழுவிவைத்த வாளியை மறுபடி கழுவினார்.

அண்ணன் குடும்பம் கீழே, தம்பி குடும்பம் மாடியில் என்று ஒரே வீடு. ஒரு வாரம் கழித்து, அவர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் தம்பி இறங்கி வந்தார்.

"அண்ணே, உன் முகத்துல முழிக்கவே கூச்சமா இருக்கு."

பெரியப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்டா?"

"நீ கண்ணு மாதிரி வளத்த குதிரையை இவ கெடுத்துட்டாளாமே. அவளே சொல்றா, என் கைதான் சரியில்லைப்பான்னு. இனிமே எந்தக் குதிரையும் தொடப்போறது இல்லையாம். நீயாச்சும் ரெண்டு வார்த்தை ஆறுதலாச் சொல்லேன். உன் பேச்சைத்தான் கேப்பா."

தட்டில் இருந்ததை அவர் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு கவளம்கூட உள்ளே போகவில்லை. வலை நிறையப் புல் என்று சொன்னது பொய் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கை இரும்பு என்று சொன்னதை அவள் நம்பியிருக்கிறாள். காட்டிக்கொடுக்காததோடு நிற்காமல், பழியை உண்மை என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். அவமானத்தில் காதுமடல் சுட்டது. மனைவி, "காரம் அதிகமா?" என்று கேட்டுத் தண்ணீர் வைத்தாள்.

மறுநாள் காலை பல் டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போனார். காத்திருக்கும் கூடத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு பேர் இருந்தார்கள்.

"எந்தப் பல்லு?" என்று கேட்டாள் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்.

"பல்லு இல்லைம்மா. டாக்டர்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"பேசுறதுன்னாலும் டோக்கன்தான்."

ஏழாம் எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு தடவை எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினார். கூப்பிட்டதும் உள்ளே போனார். உதவிக்கு இருந்த நர்ஸ் கேள்வி கேட்காமல் அவரை அந்த நீள நாற்காலியில் சாய்த்து, கழுத்தில் ஏப்ரன் கட்டி, விளக்கை முகத்துக்கு நேராக இழுத்துவிட்டாள். டாக்டர் கை கழுவிவிட்டு வந்து குனிந்தார்.

"அடடே, பெரியப்பா! எங்க, வாயைத் திறங்க."

"அதுக்குத்தான் வந்தேன் டாக்டர்" என்றார் அவர். மல்லாந்த வாக்கிலேயே, விளக்கு கண்ணைக் கூச, எல்லாவற்றையும் சொன்னார். ஒரு கை அணைப்புப் புல். ஏழரை மணி. கசப்பு எண்ணெய். தனி அறை. டாக்டரம்மாவிடம் சொன்ன பொய். "பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை. அவ மூணு மாசமா சொல்லிட்டேதான் இருந்தா. நான் காது குடுக்கலை."

டாக்டர் முகக்கவசத்தை இறக்கினார். "ஏன் குறைச்சீங்க?"

நீங்கள் மாசமா என்று கேட்டீர்களே என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அதையும் அடுத்தவர் தலையில் கட்டுவதா என்று விழுங்கினார். "பாக்க அழகா இருக்கணும்னு. எனக்குப் பேர் வரணும்னு."

டாக்டர் அங்கேயே போன் போட்டு, அதையெல்லாம் டாக்டரம்மாவிடம் மறுபடி சொல்லச் சொன்னார். இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடக் கடினமாக இருந்தது. நர்ஸ் வேறு, தட்டை ஏந்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குதிரைக்கு வயித்துல நாள் பூரா அமிலம் சுரந்துட்டே இருக்கும், புல்லு இல்லைன்னா அது வயித்தையே அரிக்கும், முப்பது வருஷம் பாத்தவருக்குத் தெரியாதா?" என்றது போன். "பக்கத்துல இன்னொரு குதிரை இல்லைன்னாலே அதுக்குப் பயம். புண்ணு ஆறுறதுக்கு மருந்து மட்டும் பத்தாது. மனசும் ஆறணும்."

டாக்டர் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. "இனி மிளகுக்கு என்ன, எப்போ, எவ்வளவுன்னு உங்க தம்பி பொண்ணு சொல்வா. நீங்க செய்யணும்" என்றார். வெளியே வரும்போது கழுத்தில் ஏப்ரன் கட்டியபடியே இருந்தது. அந்த மேசைப் பெண் ஓடிவந்து அவிழ்த்துக்கொண்டாள்.

அவர் நேராக மருந்துக்கடைக்குப் போய், கூட்டம் குறையும்வரை நின்றார். பிறகு தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டு, பல் டாக்டர் சொன்னதையும் சொன்னார்.

"அன்னைக்கே நீ வாயைத் திறந்திருக்கலாமே. ஏன் சொல்லலை?"

"சொன்னா உங்களை அனுப்பிடுவாங்கன்னு தோணுச்சு. நான் வேற எங்கயாவது ஓட்டிக்கலாம். அம்பத்தெட்டு வயசுல நீங்க எங்க போவீங்க?" மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு கத்தரியைக் கீழே வைத்தாள். "ஆனா ஒண்ணு பெரியப்பா. திட்டினப்ப அத்தனை பேர் முன்னாடி திட்டினீங்க. மன்னிப்பு மட்டும் தனியா வந்து கேக்குறீங்க."

அவர் மெல்லப் படியிறங்கினார்.

மறுநாள் காலை அவளும் லாயத்துக்கு வந்திருந்தாள். எல்லோரும் டீ குடிக்கும் நேரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பெரியப்பா சொன்னார். "மிளகுக்கு நோவு வந்தது என்னாலதான். பட்டினி போட்டவன் நான். அவ கை மேல பழி போட்டது தப்பு." லாடக்காரர் சுத்தியலை ஓங்கிய நிலையிலேயே நிறுத்தினார். தண்ணீர் வண்டிக்காரர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டீ டம்ளருக்குள் பார்த்தார். பாராட்டுகிற கூட்டத்தைப் பெரியப்பா பார்த்திருக்கிறார். இப்படிக் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிற கூட்டத்தை அன்றுதான் பார்த்தார்.

"சரி பெரியப்பா" என்றாள் அவள். "கதவுச் சட்டத்துல இருக்குற எண்ணெயைத் தேச்சுக் கழுவணும். வெந்நீர் கொண்டு வாங்க."

மிளகு பழைய அறைக்குப் போனது. பழுப்புக் குதிரை தடுப்புக்கு மேலே தலையை நீட்டி அதன் கழுத்தை முகர்ந்து, ஒரு செல்லக் கடி கடித்தது. இரண்டும் ஒரு மணி நேரம் பிடரி கொறித்தன. அவள் சொன்னபடி புல் எந்நேரமும் இருந்தது. மத்தியானம் வெளியே அவிழ்த்துவிட்டார்கள். மிளகு சேற்றில் புரண்டு எழுந்து, கண்ணிமை வரை மண்ணோடு வந்து நின்றது. தேய்க்கப் போன பெரியப்பாவிடம், "காயட்டும், விடுங்க" என்றாள். விட்டார். ஆறு வாரம் கழித்துக் குழாய் விட்டுப் பார்த்தபோது குழிகள் மூடியிருந்தன.

அந்த வருஷக் கடைசியில் ஒரு சின்னப் போட்டி. அவள்தான் ஓட்டினாள். தடையிலிருந்து ஒரு கம்பி விழுந்தது, ஐந்தாவது இடம். ஆனால் ஒவ்வொரு தடையையும் மிளகு காதை முன்னால் நீட்டிக்கொண்டு தேடிப் போனது. பல் டாக்டர் முன்வரிசையில் எழுந்து நின்று கை தட்டினார்.

அவள் இறங்கி வந்து கடிவாளத்தை நீட்டினாள். "கொஞ்சம் பிடிங்க. நான் ஏதாச்சும் சாப்பிட்டு வந்துடறேன்."

பெரியப்பா வயிற்றுப்பட்டியைத் தளர்த்தக் கை நீட்டினார். மிளகின் காதுகள் பின்னால் போயின. அவளிடம் இப்போதெல்லாம் அப்படிச் செய்வதில்லை. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"நீயே தளர்த்திட்டுப் போம்மா" என்றார்.

அவள் பட்டியைத் தளர்த்தி, சேணத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனாள். அவர் கடிவாளக் கயிற்றை நீளமாக விட்டு, மைதானத்து ஓரமாக, புல் தழைத்த இடமாகப் பார்த்து நின்றார். மிளகு மேய்ந்துகொண்டே தள்ளிப் போனது. தெரிந்தவர்கள் இரண்டு பேர் அந்தப் பக்கமாக வந்து, "குதிரை ஜோரா இருக்கே பெரியப்பா" என்றார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கயிறு காலில் சிக்காமல் எடுத்துப் பிடித்தார்.