ஒன்று என்றால் பெண்

ஸ்கேன் எடுக்கும் பெண்ணை ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் காந்தம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க அந்தக் காந்தக் குழாயோடு மாரடிப்பவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? காலை பதினோரு மணிக்குக் கூட்டம். மணி பத்தே முக்கால். காந்தம்மா கணினி முன்னால் உட்கார்ந்து ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயமூட்டும் படங்களைக் காட்டி, ஆண்கள் இருபது பேர், பெண்கள் இருபது பேரின் மூளையை அவள் படம் பிடித்திருந்தாள். காட்டிய படம் மறைந்த பிறகும் பெண்களின் மூளையில் பதற்றம் நெடுநேரம் அடங்குவதில்லை, ஆண்களுக்குச் சட்டென்று அடங்கிவிடுகிறது என்று முடிவு வந்தது. பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதைத்தான் இன்று நிறைந்த அரங்கில் சொல்லப்போகிறார்.

காந்தம்மா பழைய வேலையிடத்தில் பெண்ணுக்கு ஒன்று, ஆணுக்கு இரண்டு என்று குறித்துப் பழகியவள். கைப்பழக்கம், இங்கேயும் நாற்பது பேருக்கும் அப்படியே போட்டுவிட்டாள். கணக்கிட்டவரோ ஒன்று என்றால் ஆண் என்று எடுத்துக்கொண்டார். முடிவு தலைகீழ். ஆறு மாதமாக ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவரவர் வீட்டிலேயே கேட்டுப் பழகிய முடிவு, யார் போய்ச் சரிபார்ப்பார்கள்? இன்று காலை அரங்கில் காட்டவேண்டிய படங்களைப் பார்த்தபோது ஒன்று மட்டும் அவளுக்குத் தெரிந்தவருடைய மூளையாக இருந்தது. தோண்டிப் பார்த்தாள், பூதம் கிளம்பியது.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் அவளுடைய வேலை நீட்டிப்பில் கையெழுத்துப் போடவேண்டியவரும் பேராசிரியரேதான். எழுந்து போனாள்.

பேராசிரியர் கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தார். எண்கள் மாறியதைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

"முதல்ல பதட்டப்படாதீங்க," என்றார் அவர். "போய் அழுது முடிச்சிட்டு வாங்க. கூட்டம் முடியட்டும், நிதானமாப் பேசலாம்."

"அழுதுக்கிட்டே சொன்னாலும் ஒண்ணு ஒண்ணுதான் சார்."

அவ்வளவுதான். கையிலிருந்த ஃபைலை மேசைமேல் அறைந்தார், காகிதங்கள் பறந்தன. கழுத்து நரம்பு புடைக்க, இரண்டு வருட உழைப்பில் மண்ணைப் போடவே வந்தவள் என்று கத்தினார். இதற்கு அவர் அகராதியில் கண்டிப்பு என்று பெயர்.

காந்தம்மா கண்ணைத் துடைக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, 'பெண்' என்று எழுதியிருந்த முதல் படத்தைக் காட்டினாள்.

"இடது காதுக்கு மேல இந்தச் சின்ன நீர்க்கட்டியைப் பாருங்க. ஆபத்தில்லைன்னு உங்க டாக்டர் சொன்னாரே, அதேதான். போன வருஷம் ஆள் குறையுதுன்னு நீங்களே வந்து குழாய்க்குள்ள படுத்தீங்க சார்."

அவர் குனிந்து பார்த்தார். வெளியே கதவைத் தட்டிக் கூப்பிட்டார்கள்.

"இதோட உங்க வேலை போச்சு, தெரியும்ல?"

தெரியும் என்றாள்.

அரங்கில் கடைசி வரிசையில் நின்றாள். மேடைத் திரையில் அந்தப் படம் வந்தது. இனி அவர் ஒரு வரி சொன்னால் போதும், பொய் ஊரெல்லாம் போய்விடும். அவர் திரையின் பக்கம் திரும்பினார். கூட்டம் சலசலத்தது.

"இதுல பெண்ணுன்னு போட்டிருக்கு," என்றார் கடைசியில். "இது என் மூளை."

யாரோ சிரித்து, பிறகு நிறுத்திக்கொண்டார்கள். தவறு எங்கே நடந்தது என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். காந்தம்மா கையைத் தூக்கி, ஒன்றும் இரண்டும் மாறிய கதையை ஒன்று விடாமல் சொன்னாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் மேடையில் பேராசிரியர் உடைந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு விசும்பினார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், எவ்வளவு நேர்மையான மனிதர் என்று பக்கத்தில் ஒருவர் உருகினார். வெளியே போய் அழுது முடித்துவிட்டு வாருங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.