கரடிச் சங்கம் கொடுத்த ஆறு இயந்திரங்கள்

கரடியைச் சின்னமாக வைத்து, தங்களையே கரடிகள் என்று சொல்லிக்கொள்ளும் ஆண்களின் தர்மச் சங்கம்தான் கரடிச் சகோதரர் சங்கம். அதில் ஒரு விதி உண்டு. பெயர்த் தகடு திருக முடியாத எதற்கும் நன்கொடை கிடையாது. கட்டிலில் திருகலாம், ஆம்புலன்ஸில் திருகலாம். நர்ஸின் முதுகில் திருக முடியுமா? அதனால் சம்பளத்துக்கென்று ஒரு டாலர் பெயராது. பென்சில்வேனியாவின் அந்தச் சுரங்க ஊர் ஆஸ்பத்திரியில் கரடி படம் பொறித்த பித்தளைத் தகடு இல்லாத அறையே இல்லை.

போன வசந்தத்தில், மிஞ்சியிருந்த பதினோரு கிழட்டுக் கரடிகளும் கூடி, தங்கள் மண்டபத்தையே விற்று, நாலு லட்சம் டாலரை டயாலிசிஸ் பிரிவுக்கென்று ஒதுக்கின. ஊரே கைதட்டியது. ஆஸ்பத்திரி நிர்வாகியான அம்மாள் மட்டும் கையைப் பிசைந்தாள்.

"மெஷின் இருக்கு, பிரதர்ஸ். ஓட்டத்தான் ஆள் இல்ல. இந்தக் காசுல ரெண்டு நர்ஸைப் பிடிச்சு வெச்சுக்க விடுங்க, புண்ணியமா போகும்."

விதியைத் தளர்த்தலாமா என்று ஓட்டெடுப்பு நடந்தது. வழக்கப்படி மரப்பெட்டி சுற்றி வந்தது. சம்மதமென்றால் வெள்ளைக் கோலி, இல்லையென்றால் கறுப்பு. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் தீர்மானம் தோற்றது. போட்டது யாரென்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. பெட்டியைத் திறந்தபோது பத்து வெள்ளை, ஒரு கறுப்பு.

போட்டவர் எமில் ஹுடாக், சங்கத்தின் தலைவர். வாரம் மூன்று நாள் அந்தப் பிரிவில் ரத்தம் சுத்தம் செய்துகொள்பவள் அவருடைய மனைவி ஐரீன்தான். அவர் மனதில் வஞ்சம் ஒன்றுமில்லை. சம்பளம் கரைந்துபோகும், தகடு நிற்கும் என்று நினைத்தார். தலைவர் பெயர் தகட்டில் முதலில் வரும் என்ற ஆசையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

அந்தப் பணத்தில் புதிதாக ஆறு இயந்திரங்கள் வந்தன, தகடுகளோடு. அக்டோபரில் கடைசி நர்ஸும் நகரத்து வேலைக்குப் போனாள். பிரிவைப் பூட்டிவிட்டார்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான்.

அதன்பின் மலை தாண்டி நகரத்துக்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ஐரீனோடு டார்லாவையும் எமில்தான் காரில் ஏற்றிப் போவார். டார்லாவுக்கு முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள், கார் கிடையாது. அவளுக்கும் அதே வியாதி.

ஜனவரியில் ஒரு காலை, ஐரீன் காலணியை மாட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வரல, எமில்."

"பனி நின்னுடுச்சும்மா. வழுக்காம இருக்க ரோட்டுல உப்பு போட்டுட்டாங்க."

"இன்னிக்கு மட்டுமில்ல. இனிமே வரல. போய்ட்டு வந்தா அன்னிக்குப் பூரா பொணமாக் கெடக்கிறேன். டாக்டர்கிட்ட பேசிட்டேன். ரெண்டு வாரம் இருப்பேன்னாரு."

எமில் கெஞ்சினார், அழுதார். கடைசியில் சங்கத்தில் ஐம்பது வருடமாகக் காத்த ரகசியச் சத்தியத்தையும் உடைத்தார்.

"அந்தக் கறுப்புக் கோலி... நான்தான் போட்டேன்."

ஐரீன் காலணியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"சொன்னா எந்திரிச்சு வந்துடுவேன்னு பாத்தியா?"

"திட்டவாவது செய்யேன்."

"அதுக்கும் தெம்பில்ல. எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? நான் போறவ. டார்லா குளிர்ல வாசல்ல நிப்பா. வழிநெடுக நேரமிருக்கு, அவகிட்ட சொல்லு."

டார்லா முன்சீட்டில் ஏறினாள். ஐரீன் இனி வரமாட்டாள் என்று கேட்டதும் கையுறையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இந்த நெலமையிலயும் எனக்காக வந்திருக்கீங்களே, சார். அந்தச் சங்கத்துல மத்தவங்களும் உங்கள மாதிரி இருந்திருந்தா நமக்கு இந்தக் கதி வந்திருக்குமா?"

எமிலின் வாய் திறந்தது.

"பெல்ட்டப் போட்டுக்கம்மா" என்றார். நகரம் போய்ச் சேரும்வரை அவர் வேறொன்றும் பேசவில்லை.