இடுப்பெண்ணெயும் ரப்பர் உறையும்

பதுளைக் கடைவீதியில் என் கணவர் ஸஹாப்தீன் முன்வாசலில் எதை விற்றாலும், பெண்கள் கூச்சப்பட்டுக் கேட்கும் சாமான்கள் பின்கதவால்தான் போகும். அங்கே நான். பண்டாரவளை ஜவுளி வியாபாரியின் மகள்; வந்தவள் வாயைத் திறக்குமுன்பே, சாமான் வாங்க வந்தாளா, சண்டைக்கு வந்தாளா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

எழுபத்தாறாம் வருஷம் ஒரு ஞாயிறு மாரியாயி சண்டைக்குத்தான் வந்தாள். ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். நாலாவது பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள். இன்னொன்று வந்தால் உயிர் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் என்னிடம் புருஷனுக்கு ரப்பர் உறை வாங்கிப் போவாள்.

"ராத்தா, ரெண்டு தரம் கிழிஞ்சு போச்சு. இந்த மாசம் தப்பிச்சேன். அடுத்த மாசம் தப்பலேன்னா என் நாலு புள்ளைங்களையும் இந்தக் கதவுலதான் கொண்டாந்து விடுவேன்."

"விடு, சோறு போடுறேன். ஆனா நீ சாகுறதுக்கு நான் சாமான் விக்கல்ல. அன்னைக்கு என்னென்ன நடந்திச்சு, சொல்லு."

"எல்லாத்தையுமா?"

"எனக்கு வேணாததை நானே விட்டுக்கிறேன்."

சொன்னாள். புருஷன் சின்னராசாவுக்குத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி வெட்டி இடுப்புப் பிடிப்பு. இவள் எண்ணெய் போட்டு உருவிவிடுவாள். உருவின கையோடு மற்றதும் நடக்கும்.

"என்ன எண்ணெய்?"

"நானாவோட எண்ணெய்தான்."

என்னை ராத்தா என்பவள் என் கணவரை நானா என்பாள். அவர் நல்லெண்ணெயில் கருஞ்சீரகமும் கற்பூரமும் போட்டுக் காய்ச்சுவது. சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு உறைகளைப் பிரித்தேன். ஒன்றில் அந்த எண்ணெயைத் தடவினேன். மற்றதில், குளிருக்கு உதடு வெடித்தால் பூசும் கிளிசரினைப் பன்னீரில் கலந்து தடவினேன். இருவரும் பிளேன்டீ குடித்தோம். பிறகு இரண்டையும் இழுத்துப் பார்க்க அவள் கையிலேயே கொடுத்தேன். எண்ணெய் பட்டது சிலந்தி வலை மாதிரிப் பிய்ந்தது. மற்றது முழ நீளத்துக்கு இழுபட்டும் கிழியவில்லை.

கணவர் எட்டிப் பார்த்தார். "என் எண்ணெயிலயா குறை? அப்புத்தளையில இருந்து தேடி வாறாங்க."

"இடுப்புக்குத் தேடி வாறாங்க. இதை இழுத்துப் பாருங்க."

இன்னோர் உறையில் தன் எண்ணெயைத் தானே தடவி, காத்திருந்து இழுத்தார். பிய்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு முன்கடைக்குப் போய்விட்டார். வியாபாரி தோற்றால் அப்படித்தான்.

மாரியாயியின் முழங்கையில் கிளிசரின் கலவையைத் தேய்த்தேன். கொழுந்துச் செடி கீறிய தோல், எரியவில்லை என்றாள்.

"இதைப் போட்டே உருவு. தேங்காயெண்ணெய், வாஸ்லின் எதுவும் கிட்ட வரக்கூடாது."

"அப்ப நானாவோட எண்ணெய்?"

"நெசமாவே இடுப்பு புடிச்ச அன்னைக்குப் போடு. போட்டுட்டு, கையை சவுக்காரம் போட்டுக் கழுவி, புள்ளைங்க பக்கத்துல போய்ப் படுத்துக்க."

கிளிசரின் போத்தலைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"அப்படின்னா ராத்தா, அவருக்கு இனிமே இடுப்பே புடிக்காது."