கழுவிப் போட்ட குப்பை

வேன்காரிக்கு அந்த வாரம் முழுக்க ஒரே கவலை, கொல்லைப்புறத்தில் நிற்கும் நீல டிரம். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவள் அவள். சமையல் கழிவையும் சருகையும் போட்டு உரமாக்கலாம் என்று ஆசை ஆசையாய் டிரம்மில் ஓட்டை போட்டு வைத்து ஆறு வாரம் ஆகிவிட்டது. உரமாவது ஒன்றாவது! உள்ளே போட்டது மக்கவும் இல்லை, சூடேறவும் இல்லை. சொதசொதவென்று ஊறிப்போய்ப் புளித்த வாடை அடித்தது.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மாவின் மூக்கு இருக்கிறதே, அடுத்த தெருவில் பால் தீய்ந்தாலும் கண்டுபிடித்துவிடும். "ஞாயித்துக்கிழமைக்குள்ள இது இங்கேருந்து போயிடணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

ஏழு வாடகை வீடு மாறிய வேன்காரிக்கு இந்த வீட்டில்தான் பத்தடி மண் வாய்த்திருந்தது. அதுவும் கட்டாந்தரை. உரம் போட்டால்தான் நாலு தக்காளிச் செடியாவது நிற்கும். டிரம் போனால் ஆசையும் போச்சு. பள்ளித் தோட்டக்காரரிடம் கெஞ்சி மூட்டை மூட்டையாய்ச் சருகு கொண்டுவந்து கொட்டியும், தலைகீழாய் நின்றும், டிரம் மசியவில்லை.

புதன்கிழமை பள்ளி மதியமே விட்டுவிட்டது. வீட்டுக்கு வந்தவள் கொல்லைப்புறத்தில் கண்ட காட்சியில் அப்படியே நின்றுவிட்டாள்.

குழாயடியில் மாமனார். நாற்பது வருஷம் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் கத்தி கத்தரிக்கோலைக் கழுவி வேகவைத்த மனிதர். ஓய்வு பெற்று மகன் வீட்டுக்கு வந்த பிறகு, கழிவைச் சேர்த்து டிரம்மில் போடும் வேலையைக் கேட்காமலே தன் தலையில் போட்டுக்கொண்டார். இப்போது வாழைப்பழத் தோலுக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார். முட்டை ஓட்டுக்குப் பிரஷ். டீத்தூளை வடிகட்டியில் கொட்டி, தண்ணீர் தெளிகிற வரை அலசினார். கடைசியில் எல்லாவற்றையும் கிருமிநாசினி கலந்த வாளியில் ஒரு முக்கு முக்கி, சொட்டச் சொட்ட டிரம்மில் போட்டார். முகத்தில் என்ன ஒரு திருப்தி!

சொன்னால் மனுஷன் நொந்துபோவார். சொல்லாவிட்டால் டிரம் போகும். வேன்காரி பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"மாமா, இதுக்குள்ள வேலை செய்யறதே கிருமிங்கதான். நாம அதுங்களைக் கொன்னுட்டோம்னா எப்படி மக்கும்?"

அவர் கை நின்றது. "அப்ப நான்தான் கெடுத்தேனா?"

"நான் சொல்லாம விட்டேன் மாமா. தப்பு என்மேல."

அவர் எழுந்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. 'அவசரக் குடுக்கை, இன்னும் கொஞ்சம் பக்குவமாச் சொல்லியிருக்கலாம்' என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் பார்த்தால், டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார் பெரியவர். ஊறினதை வெயிலில் பரப்பியிருந்தார். காய்த் தோலை விரல்நகம் அளவுக்குப் பொடிப்பொடியாய் நறுக்கியிருந்தார்.

"ஏம்மா, நல்ல கிருமி எங்க கிடைக்கும்?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்று சாயங்காலமே தோட்டக்காரரிடமிருந்து பாதி மக்கிய உரம் ஒரு வாளி வாங்கி வந்தாள். ஒரு அடுக்கு தோல், ஒரு அடுக்கு சருகு, நடுவே கொஞ்சம் உரம் என்று இரண்டு பேருமாய் டிரம்மை நிரப்பினார்கள். அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. இரும்புக் கம்பியைச் செருகி, உருவி, தொட்டுப் பார்த்து, காலையும் மாலையும் ஒரு நோட்டில் எழுதினார். வெள்ளிக்கிழமை 'ஜில்'. சனிக்கிழமை காலை 'வெதுவெதுப்பு'. மாலை 'நல்ல காய்ச்சல்'.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே இறங்கி வந்தாள். பெரியவர் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று ஆவி வந்தது. அவள் மெல்ல மூக்கிலிருந்து கையை எடுத்தாள். மழை பெய்த மண் வாசனை. கம்பியைத் தொட்டவள் சுட்டுப்போய்க் கையை உதறினாள்.

"இங்கேயே இருக்கட்டும்" என்றாள் வீட்டுக்காரம்மா, சற்று இறங்கிய குரலில். "என்ன பெரியவரே, அப்படி என்ன வைத்தியம் பண்ணீங்க?"

"நான் வெறும் வார்டு பாய்" என்றார் அவர், வேன்காரியைக் கைகாட்டி. "டாக்டர் எம் பொண்ணு. அவளைக் கேளுங்க."

மருமகளாய் வந்து பன்னிரண்டு வருஷம். அவர் வாயால் இப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. வீட்டுக்காரம்மா எதையோ கேட்டுக்கொண்டே இருந்தாள். வேன்காரிக்கு ஒன்றும் காதில் விழவில்லை, எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள்.